பத்துப் பாகம் ஆழத்தில்

முதல் நாள், துலம்பென்

இங்கே இரவு பத்தரை. ஊரில் எட்டு மணிதான் ஆகியிருக்கும். கோலாலம்பூரில் விமானம் மாறி, மதியம் இந்தோனேசியாவின் பாலித் தீவில், தென்பசாரில் இறங்கினோம். பன்னிரண்டு மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள். எல்லோருமே கடல் உயிரியல் முதுகலை. இறங்கியதும் எடுக்கும் விசாவுக்கு 5 லட்சம் ரூபியா, பாலித் தீவுக்கு வரும் வெளிநாட்டவர் கட்டும் வரி ஒன்றரை லட்சம் ரூபியா. லட்சக் கணக்கில் எண்ணிக் கொடுக்கும்போது கை கொஞ்சம் நடுங்கியது.

விமான நிலையத்திலிருந்து தீவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் துலம்பென் ஊருக்கு வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. முதலில் ஸ்கூட்டர் நெரிசல், அப்புறம் வயல், அப்புறம் வறண்ட நிலம். வேனில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நான் தூங்கவில்லை. வறண்ட பக்கம் வந்ததும் வரிசையாகப் பனை மரங்கள் நிற்கப் பார்த்தேன். பாலி என்றால் தென்னையும் நெல்லும் என்றுதான் நினைத்திருந்தேன். பனையைப் பார்த்ததும் தூத்துக்குடிக்குத் தெற்கே போகிற பஸ்ஸில் இருப்பது மாதிரி ஒரு நிம்மதி.

சிலிண்டரோடு கடலில் முங்கக் கற்கும் இந்தப் பயணத்தில் நான் சேர்ந்ததற்குக் காரணம் என் தாத்தா. அவர் சங்கு குளித்தவர். அவருக்குச் சிலிண்டர் கிடையாது, மூச்சை அடக்கித்தான் முங்குவார். வீட்டில் மூன்று தலைமுறைக்குக் கடல்தான் சோறு போட்டது. ஆனால் கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எங்கள் வீட்டுப் பெண்களில் ஒருத்தர்கூடப் பார்த்ததில்லை. இரண்டு வருடமாகப் பவளத்தைப் படிக்கிறேன். இதுவரை பார்த்ததெல்லாம் பாட்டிலில் போட்ட வெள்ளைத் துண்டுதான்.

ஜன்னலைத் திறந்தால் அலைச் சத்தம் வேறு மாதிரி கேட்கிறது. அலை திரும்பும்போது ஆயிரம் கூழாங்கல் ஒன்றோடு ஒன்று உருளும் சத்தம்.

இரண்டாம் நாள், குளம்

இன்று முழுக்க நீச்சல் குளத்தில். பதினான்கு பேரில் ஆறு பேருக்கு ஏற்கெனவே முங்குவதற்கான சான்றிதழ் இருக்கிறது. அவர்கள் காலையிலேயே கடலுக்குப் போய்விட்டார்கள். மற்றவர்களுக்குக் குளம்.

மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது. இதுதான் முதல் பாடம், இதைத்தான் பத்துத் தடவை சொன்னார்கள். ஆழத்தில் உள்ளிழுத்த காற்று மேலே வரவர விரியும். அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழியும். தாத்தாவின் தொழிலே மூச்சை அடக்குவதுதான். மேலே இழுத்த காற்றோடு அவர் இறங்கி அதே காற்றோடு ஏறியதால் அவருக்கு அது ஆபத்தில்லை. சிலிண்டர் காற்றை வாங்குகிற எனக்கு அதே பழக்கம் ஆளைக் கொல்லும். இந்த வித்தியாசம் புரிந்த பிறகு குளத்தில் உட்கார்ந்து வெகுநேரம் சும்மா மூச்சு விட்டுக்கொண்டே இருந்தேன்.

கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போகலாம்' என்று அர்த்தம், 'நன்றாக இருக்கிறேன்' என்று இல்லை. அதற்கு விரலை வளையமாக்கிக் காட்ட வேண்டும். நாங்கள் எல்லோரும் மாற்றி மாற்றிக் காட்டியதில் பயிற்சியாளர் மூன்று தடவை எங்களை மேலே கூட்டி வந்தார்.

மாஸ்க்கில் தண்ணீரை நிரப்பி மூக்கால் ஊதி வெளியேற்றுவது எனக்கு நாலாவது முயற்சியில்தான் வந்தது. உடம்பெல்லாம் வலிக்கிறது. சீக்கிரம் படுக்கிறேன்.

மூன்றாம் நாள், காது

இன்று கடலில் இறங்கினேன். முதல் முறை தோற்றேன்.

துலம்பென் கரை மணல் கரை இல்லை. எரிமலைக் கற்கள், உருண்டையாக, கருப்பாக, ஒவ்வொன்றும் தேங்காய் அளவு. முதுகில் சிலிண்டரும் இடுப்பில் ஈயமும் கட்டிக்கொண்டு இதில் நடப்பது பெரிய வேலை. சிலிண்டர்களைக் கரைக்குக் கொண்டுவருவது ஊர்ப் பெண்கள். தலையில் சும்மாடு, அதன் மேல் சிலிண்டர், சிலர் ஒரே நடையில் இரண்டு. நாங்கள் ரப்பர் செருப்போடு தடுமாறும் கல்லில் அவர்கள் கையைக்கூடப் பிடிக்காமல் போகிறார்கள். கடலுக்குள் போகிற வேலையின் சம்பளம் ஊருக்குள் தங்க வேண்டும் என்று இந்தச் சுமைவேலையைக் கிராமமே முறைப்படுத்தி வைத்திருக்கிறது. மாமல்லபுரம் கரையிலோ ராமேஸ்வரம் கரையிலோ இப்படி ஒரு ஏற்பாடு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நானும் என் பார்ட்னரும் பேசிக்கொண்டே வந்தோம்.

இரண்டு மீட்டரில் இடது காதில் ஒரு அழுத்தம். மூன்று மீட்டரில் யாரோ பென்சிலை உள்ளே செருகுகிற மாதிரி வலி. மூக்கைப் பிடித்து ஊதினேன். வலது காது திறந்தது, இடது காது திறக்கவில்லை. கையை ஆட்டிக் காதைக் காட்டினேன். பயிற்சியாளர் ஒரு மீட்டர் மேலே கூட்டிப்போனார், மறுபடி முயன்றோம், மறுபடி அதே வலி. அந்த முறை எனக்கு அதோடு முடிந்தது. கரையில் உட்கார்ந்து அழுதேன்.

பயிற்சியாளர், உள்ளூர்க்காரர், பக்கத்தில் உட்கார்ந்து கல்லில் படம் வரைந்து காட்டினார். கடல்மட்டத்தில் நம் மேல் இருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம். பத்து மீட்டரில் இரண்டு. இருபதில் மூன்று. அழுத்தம் இரட்டிப்பாவது அந்த முதல் பத்து மீட்டருக்குள்தான், அதனால் காது அதிகம் பாடுபடுவதும் அங்கேதான். வலி வந்த பிறகு ஊதக் கூடாது, வருவதற்கு முன்பே, ஒவ்வொரு அரை மீட்டருக்கும் மெதுவாகச் சரிசெய்துகொண்டே இறங்க வேண்டும். வலியோடு அடம்பிடித்து இறங்கினால் செவிப்பறை கிழியும்.

தாத்தாவுக்கு இடது காது கேட்காது. போனை எப்போதும் வலது பக்கம்தான் வைப்பார். வயதானதால் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். கரையில் அந்தக் கல்லின் மேல் வரைந்த படத்தைப் பார்த்தபோதுதான் இந்த இரண்டும் எனக்குள் சேர்ந்தன. அவர் எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எத்தனை முறை, அந்தப் பென்சில் வலியோடு இறங்கியிருப்பார்? இதை அவருக்கு யாரும் கல்லில் வரைந்து காட்டவில்லை.

மதியம் மறுபடி இறங்கினேன். தலை மேலே, கால் கீழே, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எறும்பு மாதிரி. ஐந்து மீட்டரில் இடது காதில் 'கிளிக்'. வலி இல்லை. ஒன்பது மீட்டர் வரை போனேன். மணலில் பென்சில் கனத்தில் நூற்றுக்கணக்கான விலாங்குகள் செங்குத்தாக நின்று ஆடிக்கொண்டிருந்தன, பக்கத்தில் போகப்போக ஒவ்வொன்றாக மணலுக்குள் இறங்கி மறைந்தன. என் மணிக்கட்டில் கட்டிய சிவப்புக் கயிறு பழுப்பாகத் தெரிந்தது. தண்ணீர் முதலில் தின்கிற நிறம் சிவப்புதான் என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது இன்று.

நான்காம் நாள், கப்பல்

விடியற்காலை ஐந்தரைக்கு எழுப்பினார்கள். அகுங் எரிமலை ஊதா நிறத்தில் முழுசாகத் தெரிந்தது. 3,000 மீட்டருக்கு மேல் உயரம், அதன் அடிவாரம்தான் இந்தக் கரை.

'கப்பல் போகலாமா?' என்று பயிற்சியாளர் கேட்டார். தமிழா என்று திடுக்கிட்டேன். இந்தோனேசிய மொழியில் கப்பலுக்குக் 'கபால்' என்றுதான் சொல்கிறார்கள், நம்மிடமிருந்து போன சொல். எத்தனையோ நூற்றாண்டுக்கு முன் நம் மரக்கலங்களோடு வந்து இறங்கிய ஒரு சொல்லை, மூழ்கிய ஒரு அமெரிக்கக் கப்பலைப் பார்க்கப் போகும் காலையில் கேட்டேன்.

அந்தக் கப்பலின் பெயர் லிபர்ட்டி. 1918இல் கட்டிய சரக்குக் கப்பல். 1942 ஜனவரி 11 அன்று லொம்போக் நீரிணைக்குப் பக்கத்தில் ஜப்பானிய நீர்மூழ்கி இதன் மேல் குண்டு விட்டது. இரண்டு போர்க்கப்பல்கள் இதைச் சிங்கராஜா துறைமுகத்துக்கு இழுத்துப்போகப் பார்த்தன. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்ததால் துலம்பென் கரையில் ஏற்றிவிட்டார்கள். இருபத்தோரு வருடம் கரையிலேயே கிடந்தது. 1963இல் அகுங் வெடித்தபோது நிலம் அதிர்ந்து கப்பல் சரிந்து கடலுக்குள் போனது. அந்த வெடிப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இன்று ஊருக்குச் சோறு போடுகிற கப்பலைக் கடலில் வைத்தது அதே வெடிப்புதான். இதைப் பற்றிப் பயிற்சியாளரிடம் கேட்டேன். அவர் மலையைப் பார்த்துக் கைகூப்பினார், வேறு எதுவும் சொல்லவில்லை.

கரையிலிருந்து நீந்தியே போய்விடலாம். ஐந்து மீட்டரில் முதல் இரும்பு தெரிகிறது. அப்புறம் நீலத்துக்குள் ஒரு பெரிய நிழல், நூறு மீட்டருக்கு மேல் நீளம், பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. இரும்பு என்று சொல்ல ஒரு சாண் இடம்கூட இல்லை. எல்லாம் பவளம், கடற்பஞ்சு, ஆள் அகலத்துக்குக் கடல்விசிறி.

சரக்கு அறைப் பக்கம் திரும்பியதும் பயிற்சியாளர் கையை விரித்து எங்களை நிறுத்தினார். கிளிமீன்கள், நெற்றியில் பெரிய புடைப்போடு, ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு மேல். இரவில் கப்பலுக்குள் படுத்துவிட்டு, விடிந்ததும் கூட்டமாக வெளியே வரும். இருபது இருக்கும். மாடுகள் தொழுவத்தை விட்டு வருவது மாதிரி, அவசரமே இல்லாமல் எங்களைத் தாண்டிப் போயின. பவளத்தைக் கடிக்கும் 'கரக் கரக்' சத்தம் தண்ணீரில் தெளிவாகக் கேட்டது. அவை கழிக்கும் பவளத் தூளும் வெப்பமண்டலக் கரைகளில் வெள்ளை மணலாகச் சேர்கிறது. அதற்கு மேலே ஒரு பாரை மீன் கூட்டம் தூண் மாதிரி சுற்றியது. நான் எதையும் எண்ணவில்லை, எழுதவில்லை. கையில் கட்டியிருந்த பலகையில் ஒரு கோடுகூட இல்லை.

ஆழத்தையும் நேரத்தையும் காட்டும், கையில் கட்டிய குட்டிக் கணினியில் அதிகபட்ச ஆழம் 17.8 மீட்டர். புதிதாகக் கற்றவர்களுக்கு 18தான் எல்லை. திரும்பும்போது ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றோம். உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேறத்தான் இந்த நிறுத்தம். நேரே மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ரத்தத்தில் குமிழி கட்டும்.

ஐந்தாம் நாள், லெஸ்

துலம்பெனை விட்டு வடமேற்கே கடலோரச் சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் லெஸ் கிராமம். நான்கு வீடுகளில் பிரித்துத் தங்க வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் நானும் இரண்டு தோழிகளும். வீட்டம்மாவை 'இபு' என்று கூப்பிடச் சொன்னார்கள், அம்மா என்று அர்த்தம்.

வாசலில் குருத்தோலையில் பின்னிய சின்னத் தட்டு, அதில் பூவும் கொஞ்சம் சோறும் ஊதுவத்தியும். தினமும் வைக்கிறார்கள். சாயங்காலம் இபுவோடு உட்கார்ந்து நாங்களும் பின்னினோம். நம் ஊரில் குருத்தோலையில் கிளி பின்னுவார்களே, அந்த மடிப்பு ஒன்றை நான் செய்து காட்டினேன். இபு அதை வாங்கித் தட்டின் ஓரத்தில் பூவோடு வைத்தார்.

இரவுச் சாப்பாட்டில் கருப்புத் துவரைக் குழம்பு. இங்கே 'உண்டிஸ்' என்கிறார்கள். எலுமிச்சைப் புல்லும் சின்ன வெங்காயமும் மிளகாயும் பச்சையாக நறுக்கிச் சூடான தேங்காய் எண்ணெய் ஊற்றிய சம்பல். சோற்றை மூன்று முறை வாங்கினேன்.

ஆறாம் நாள், உப்பும் பனையும்

தூத்துக்குடிக்காரிக்கு உப்பில் என்ன புதுசு என்று நினைத்துப் போனேன். இங்கே பாத்தி கிடையாது. கரையோர மண்ணைப் பரப்பி, கடல்தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் காயவிடுகிறார்கள். உப்பு ஏறிய அந்த மண்ணைக் கூம்பு வடிவக் கூடையில் அள்ளிப் போட்டு, மேலே மறுபடி கடல்தண்ணீர் ஊற்றினால் கீழே அடர்த்தியான உப்புநீர் சொட்டும். அதை நெடுக்கே பிளந்து குடைந்த தென்னந்தண்டுகளில் ஊற்றி வெயிலில் வைக்கிறார்கள். வரிசையாகத் தொட்டில் மாதிரி கிடக்கின்றன. பூ மாதிரி உதிரும் உப்பு. மழைக்காலத்தில் வேலையே இல்லை, அது மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

அங்கிருந்து பனங்காட்டுக்குப் போனோம். ஒரு பெரியவர் மரம் ஏறிப் பாளை சீவி இறக்கினார். காய்ச்சிய பாகை 'ஜூருஹ்' என்கிறார்கள். ஒரு கரண்டி வாயில் வைத்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. அது கூப்பனி! எங்கள் பாட்டி கருப்பட்டி காய்ச்சும்போது பதம் வருவதற்கு முன் கிண்ணத்தில் ஊற்றித் தருவாளே, அதே கூப்பனி. நம் பக்கம் பனையேறுகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். இங்கேயும் அப்படித்தானாம், பெரியவரின் மகன் ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறார்.

ஏழாம் நாள், வலை

இன்றைய நாளுக்காகத்தான் இந்தக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்று எங்கள் ஆசிரியர் நேற்றே சொல்லியிருந்தார்.

லெஸ் மீனவர்கள் பிடிப்பது சமையலுக்கான மீன் மட்டுமில்லை, கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் வண்ண மீனும்தான். ஒரு காலத்தில் அதைப் 'பொத்தாஸ்' வைத்துப் பிடித்தார்கள். பொத்தாஸ் என்றால் சயனைடு. கரைசலைப் பாட்டிலில் அடைத்துப் பவள இடுக்கில் பீய்ச்சினால் மீன் மயங்கி மிதக்கும், கையாலேயே அள்ளலாம். பிடித்த மீனில் நிறைய வழியிலேயே செத்துப்போகும். பீய்ச்சிய இடத்தில் பவளம் வெளுத்துச் சாகும். அப்புறம் மீனும் வராது. 2000க்குப் பிறகு பயிற்சி கிடைத்து ஒவ்வொருவராகப் பொத்தாஸை விட்டு மெல்லிய வலைக்கு மாறினார்கள். செத்துப்போன இடத்தில் சிமெண்ட்டில் வார்த்த குவிமாடங்களை இறக்கி, உடைந்த பவளத் துண்டுகளை அதில் கட்டி வளர்க்கிறார்கள்.

எங்கள் வீட்டு இபுவின் அப்பா அந்தக் காலத்து ஆள். வலது காலை இழுத்துத்தான் நடப்பார். வாசலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக் காட்டினார். கால் என்ன ஆனது என்று கேட்கத் தயங்கினேன். அவரே சொன்னார், ஆசிரியர் துணையோடு எங்களுக்குப் புரிந்தது. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் படகில் ஓடும். அதிலிருந்து ஒரு நீள ரப்பர் குழாய். நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு இறங்குவார்கள். காற்று தீரவே தீராது என்பதால் மணிக்கணக்கில் அடியிலேயே இருப்பார்கள். வேலை முடிந்ததும் நேரே மேலே. ஒரு நாள் மேலே வந்தவருக்குக் கால் வரவில்லை.

'ஐந்து மீட்டர், மூன்று நிமிடம் யாரும் சொல்லவில்லையா?' என்று என் தோழி கேட்டாள். அவர் இல்லை என்று தலையாட்டினார். சோடா பாட்டில் என்று நான்காம் நாள் எழுதியதை இப்போது படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. எனக்கு அது ஒரு உவமை. அவருக்கு அது முப்பது வருடம்.

கடல் தெரியாதவர்கள் என்று யாரும் இவர்களைச் சொல்ல முடியாது. எந்த நீரோட்டம் எந்த நிலாவில் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியும். தெரியாமல் போனது ஒரு பக்கத்தில் அச்சடிக்கக்கூடிய ஒரு அட்டவணை. அது எனக்கு நான்கு நாளில் கிடைத்தது, என் பெயரில் ஒரு பிளாஸ்டிக் அட்டையும் கிடைத்தது. இந்தக் கோபம் யார் மேல் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கோபமாகத்தான் இருக்கிறது.

காலை பத்து மணிக்கு முங்கினோம். எட்டு மீட்டர். பன்னிரண்டு துண்டுகளை ஆளுக்கு ஒன்றாகக் கட்டினோம். விரல் நீளத் துண்டு, கொம்பு மாதிரி கிளைக்கும் பவளம். கட்டுவது லேசில்லை, மிதப்பு ஒரு விநாடி தவறினால் காலில் மாட்டிய ஃபின் பட்டுப் பக்கத்தில் இருப்பது உடையும். பழைய குவிமாடங்களில் ஓட்டை தெரியாத அளவுக்குப் பவளம் மூடியிருந்தது. அதன் மேல் கடற்சாமந்தி, அதற்குள் ஒரு ஜோடி கோமாளி மீன். எங்களோடு முங்கிய இளைஞர் இபுவின் அப்பாவுடைய பேரன். சிலிண்டர் போட்டு, கையில் கணினி கட்டி. ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் அவர்தான் விரலால் எண்ணிக் காட்டினார்.

எட்டாம் நாள், சிங்கராஜா

நாளை விடியற்காலை விமானம். முங்கி 18 மணி நேரமாவது ஆகாமல் பறக்கக் கூடாது என்பதால் இன்று தண்ணீர் கிடையாது. சிங்கராஜாவில் கெடோங் கீர்த்தியா நூலகம் போனோம். 1928இல் தொடங்கிய ஓலைச்சுவடி நூலகம். நீள மரப்பெட்டிகளில் பனையோலைக் கட்டுகள். ஓலைக்கு இங்கே 'லொந்தார்', மரத்துக்கும் அதே பெயர். கத்தி முனையால் கீறி, வறுத்த மெழுகுக் கொட்டையின் கரியைத் தேய்த்து எழுத்தைத் தெளிவாக்குகிறார்கள். பாலி எழுத்து பல்லவ எழுத்தின் வழி வந்தது. ஒரு எழுத்துகூட என்னால் படிக்க முடியவில்லை. இருந்தாலும் வளைவுகள் எங்கேயோ பார்த்தவை.

கிளம்பும்போது இபு ஒரு பாட்டில் ஜூருஹும் ஒரு பொட்டலம் உப்பும் கொடுத்தார். உப்பைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோகிறேன்.

சாயங்காலம் தாத்தாவுக்குப் போன் போட்டேன். அம்மா போனை அவருடைய வலது காதில் வைத்தாள். லெஸ் பெரியவரைப் பற்றிச் சொன்னேன். கம்ப்ரஸர், கால், எல்லாம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம் கேட்டார்.

'எத்தன பாகம் முங்குன?'

ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி. பதினெட்டு மீட்டரை மனதுக்குள் வகுத்தேன். 'பத்துப் பாகம், தாத்தா.'

'காது வலிச்சுதா?'

'மொத நாள் வலிச்சுது. இப்ப இல்ல. எப்படின்னு வந்து சொல்றேன்.'

'ம். தர என்ன? மணலா, பாரா?'

'மணல்தான் தாத்தா. ஆனா கருப்பு மணல்.'

'கருப்பு மணலா!' என்றார். பக்கத்தில் இருந்த அம்மாவிடம் திரும்பி, 'கடலுக்கு அடியில கருப்பு மணலாம்' என்று சத்தமாகச் சொன்னார். அப்புறம் மறுபடி என்னிடம், 'அதுல சங்கு கெடக்குமா எம்மா?' என்று கேட்டார்.